கள்ளுண்ணாதவன் கள்ளுக்காகச் சொல்வது

கள்ளுண்ணாமைக்கெனத் தனியதிகாரம் வகுத்த திருக்குறளைப் பாடமாகப் பயின்ற இந்துக்கல்லூரிப் பழைய மாணவனொருவன், இவ்விழா மலரிலே கள்ளைப் பற்றி எழுதப் புகுந்தால் அன்பர் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். யான் கள்ளுண்பவனல்லேன், உண்ணுமாறு எவரையும் தூண்டவும் வந்திலேன். ஆயினும் சிலாபம், மாரவில, வென்னப்புவக் கரையோரத் தென்னைகள் தரும் ஒரு பொருளை நாம் நாணத்தாற் புறக்கணித்து இழந்து வருகின்றோம் என்பது என் கருத்து.

முதலில் அயல்நாடொன்றைக் காண்போம். ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையிலுள்ளது கலிசியா. மழையும் உப்புக்காற்றும் மிகுந்த அக்கரையிலே கருங்கற்றூண்களின்மேற் பந்தரிட்டு, அல்பரீனியோ என்னுந் திராட்சையை வளர்த்து வெள்ளை மது வடிக்கின்றனர். சிப்பி, நண்டு, பேய்க்கணவாய் ஆகியனவே அதற்குத் துணையுணவு. மீனின் வெடுக்குக்குக் காரணமான அமைன்களை மதுவிலுள்ள அமிலம் அடக்கிவிடும். பொரித்த மீனுக்குத் தேசிக்காய் பிழியும் நம் தாய்மார் இதனை எந்நூலிலும் படித்தவரல்லர்! கம்பாடோஸ் என்னும் ஊரில் 1953ஆம் ஆண்டு முதல் அம்மதுவுக்கு விழாவெடுக்கின்றனர். 1988இல் ‘றீயாஸ் பைஷாஸ்’ என்னும் இடப்பெயருக்குச் சட்டக் காப்பும் கிடைத்தது. எல்லைக்குப் புறத்தே விளைந்த திராட்சையின் மதுவை அப்பெயரால் விற்றல் ஆகாது.

இனி நம் கரைக்கு வருவோம். விரியாத தென்னம்பாளையைக் கட்டித் தட்டிப் பதப்படுத்தி, நாடோறும் காலையும் மாலையும் நுனி சீவினால் முட்டியில் இனிய சாறு வடியும். அதில் நூற்றுக்குப் 15 பங்கு வரை சர்க்கரையுண்டு. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீராகவே நிற்கும். பூசாவிடின் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதனைக் கள்ளாக்கும். மேலும் சில வாரம் வைத்திருந்தால் வினாகிரியாகும். (அச்சொல்லையும் போர்த்துக்கேயரே நமக்குத் தந்து சென்றனர்.) கள்ளை வெறுக்கும் இல்லங்களிலும் முற்காலத்தில் அப்பமாவைப் புளிக்க வைத்தது கள்ளே. அச்சாற்றைக் கெடாது காப்பது வினாகிரி. உடப்பிலே பிடிபடும் இறாலுக்கும் புத்தளக் களப்பு நண்டுக்கும் அதனினும் ஏற்ற புளிப்பு வேறில்லை என்பேன்.

இன்றோ, சீனியை நீரிற் கரைத்துப் புளிக்கவைத்துக் கள்ளென விற்பாருளர். அசற்றிக்கமிலத்தை நீரிற் கலந்தது போத்தலில் அடைபட்டுக் கடைகளில் மலிவாய்க் கிடைக்கின்றது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டம் முதலாக அரசு கள்ளில் வரியையே கண்டது. நாமோ இழிவையே கண்டோம். சுவையையும் தூய்மையையும் காண ஒருவருமிலர். கள்ளைப் பழித்ததோடு நில்லாது சீவுபவனையும் சாதி சொல்லிப் பழித்தோம். உயிரைப் பணயம் வைத்து மரமேறும் தொழிலை அவன் மகன் ஏன் விரும்புவான்? சீவுபவன் நீங்கிய இடத்திலேதான் கலப்படக்காரன் வந்தமர்ந்தான். குடிப்பழக்கம் இதனாற் குறைந்ததா? ஒருசிறிதும் இல்லை.

இலங்கைக் கறுவாவின் பெயருக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் காப்பளித்தது. அத்தகைய காப்பு இக்கரைத் தென்னங்கள்ளு வினாகிரிக்கும் ஏன் கூடாது? நம் பழைய மாணவருள் சட்டம் வல்லாரும் இரசாயனம் வல்லாரும் உளர். கள்ளென்னும் பெயரை எழுதக் கூசுவோர் வினாகிரியிலிருந்தேனும் தொடங்கட்டும். எல்லை வகுத்தலும், போத்தலிலுள்ளது பாளைச்சாறுதானா என்று சோதித்தலும், சீவுபவனுக்குரிய விலையை எழுத்தில் உறுதி செய்தலும் முதற்பணிகளாகும்.