நஞ்சராயன் குளத்தில் யாருக்கு உரிமை?

"ஏனுங்க தோழர், கூலி உயர்வைப் பத்தி எழுதற இடத்துல கொக்கைப் பத்தி எழுதறீங்களே?" என்று வாசகர்களில் சிலர் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. போனஸ் பாக்கியும் வேலைப் பளுவும் கழுத்தை நெரிக்கும்போது நாரைக்கும் வாத்துக்கும் தலையங்கம் எதற்கு? ஆனால் அந்த நாரை வந்து இறங்குகிற தண்ணீர் யாருடைய தண்ணீர் என்று விசாரித்துக்கொண்டே போனால், விஷயம் நம் வீட்டுக் குடத்தில் வந்து நிற்கிறது.

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி போகும் வழியில், சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி நஞ்சராயன் குளம் இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 125 ஹெக்டேர், நம் கணக்கில் 310 ஏக்கர். முன்னொரு காலத்தில் இதைச் செப்பனிட்ட மன்னனின் பெயர் குளத்துக்கு நிலைத்துவிட்டது. மண் வெட்டிச் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை, அது கிடக்கட்டும். நல்லாற்றில் வரும் மழை வெள்ளம்தான் குளத்துக்கு உயிர். பாசனத்துக்கும் சுற்று வட்டாரக் கிணறுகளின் ஊற்றுக்கும் இதுவே ஆதாரம். 2022ல் இதைத் தமிழ்நாட்டின் 17வது பறவைகள் சரணாலயமாக சர்க்கார் அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது. ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971ல் பல நாடுகள் கூடி, நீர்நிலைகளைக் காப்பதென்று செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பட்டியல் அது. மங்கோலியாவிலும் திபெத்திலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் இமயமலையைத் தாண்டி இந்தக் குளத்துக்கு வந்து போகிறது.

பெருமைப்பட வேண்டிய சங்கதிதான். ஆனால் பட்டியலில் பெயர் ஏறியதால் மட்டும் தண்ணீர் சுத்தமாகிவிடாது.

பறவை கூட்டமாக வந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. சாக்கடை கலந்த நீரிலும் சில இனங்கள் ஆயிரக் கணக்கில் இறங்கும். எந்த இனம் வந்தது, எது நின்று போயிற்று, எது கூடு கட்டியது, முட்டை பொரிந்ததா என்று ஆண்டுதோறும் கணக்கு வைத்தால்தான் உண்மை புலப்படும். ஆராய்ச்சி என்பது இதற்குத்தான். கோவைக்குப் பக்கத்தில் ஆனைகட்டியில் 1990ல் தொடங்கப்பட்ட சாலிம் அலி பறவையியல் மையம், செத்த பறவைகளின் உடலில் பூச்சிமருந்தின் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்றுகூடச் சோதித்து வந்திருக்கிறது. விவசாயத் தொழிலாளி தோழர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். பறவை அந்த விஷத்தைத் தின்பதற்கு முன்னால், முகமூடியும் கையுறையும் இல்லாமல் முதுகில் டப்பாவைச் சுமந்து மருந்து அடித்தவன் அதைச் சுவாசித்துவிட்டான். பறவையின் ஈரலைச் சோதிக்க ஒரு மையம் இருப்பது நல்லது. மருந்து அடிக்கிறவனின் ரத்தத்தைச் சோதிக்க எந்த வட்டார ஆஸ்பத்திரியில் ஏற்பாடு இருக்கிறது?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நொய்யலைக் கெடுத்தது யார்? பனியன் தைத்த பெண்ணா, துணியைச் சாயத் தொட்டியில் முக்கி எடுத்த தொழிலாளியா? ஏற்றுமதி லாபம் பெருகப் பெருக, சாயக் கழிவைச் சுத்தம் செய்யும் செலவை மட்டும் ஆற்றின் தலையில் கட்டினார்கள். 1992ல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவின் தேக்கமாகிப் போயிற்று. எந்த நிலத்துக்காக அணை கட்டினார்களோ அந்த நிலமே பாழாயிற்று. நிலம் பாழானால் முதலில் கூலி வேலை போகும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு சரியானதே. ஆனால் மூடிய நாளில் நடந்தது என்ன? பட்டறைத் தொழிலாளி வேலை இழந்து நடுத்தெருவில் நின்றான். சுத்திகரிப்பு நிலையங்களுக்காக அதே ஆண்டில் மாநில சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. வேலையிழந்தவனுக்குக் கிடைத்தது என்ன? ஆற்றைக் காக்க வேண்டும் என்ற விவசாயியையும், அடுப்பு எரிய வேண்டும் என்ற தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, கழிவைத் திறந்துவிட்டவர்கள் நடுவில் நழுவிப் போனார்கள். அந்தத் தவறு இன்னொரு முறை நடக்கக் கூடாது.

ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு சரணாலயத்தைப் பாருங்கள். கூழைக்கடாக்கள் கூடு கட்டும் அந்தக் குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சட்டம் போட்டு வந்த வழக்கமல்ல, ஜனங்கள் தாங்களாகவே விட்டுக்கொடுத்தது. குழந்தைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் வரும் சந்தோஷத்தைக் குடிசைப் பிள்ளை பறவைக்காகத் துறந்தான். சாயக் கழிவைத் துறக்க முதலாளிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது!

ஆகவே, பறவைகளைக் காப்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. ஒதுங்கினால் குளம் யார் கைக்குப் போகும் என்பதற்குக் கோவையே சாட்சி. உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் ஸ்மார்ட் சிட்டி என்ற பெயரில் நடைபாதை, வண்ண விளக்கு, படகுச் சவாரி எல்லாம் வந்தன. மாலையில் காற்று வாங்க நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளான் குருவிக்கு வேண்டியது சேறும் ஆழமில்லாத ஓரத் தண்ணீரும். சிமெண்டுக் கரையில் அது எதைக் கொத்தும்?

சரணாலயம் என்றதும் மீன் பிடிப்பவனும் ஆடு மாடு மேய்ப்பவனும் கலங்குவதில் அர்த்தம் இருக்கிறது. நாளை கரையில் வேலி போட்டு, வலை வீசியவனைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. கூடு கட்டும் மாதங்களில் வலை வீச வேண்டாம் என்றால், அந்த மாதங்களுக்கு நிவாரணம் கொடு. கண்காணிப்புக்கு ஆள் வேண்டுமென்றால், குளக்கரை ஜனங்களுக்கே அந்த வேலையைக் கொடு. குளத்தை நிர்வகிக்கும் கமிட்டியில் மீனவருக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் பனியன் தொழிலாளிக்கும் இடம் வேண்டும். நல்லாற்றுத் தண்ணீரை மாதந்தோறும் சோதித்து, முடிவைக் குளக்கரையில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். மயில் இறங்கிக் காட்டை அழித்துவிட்டது என்று புலம்பும் சிறு விவசாயியை விஷம் வைக்கும் நிலைக்குத் தள்ளாமல், நஷ்ட ஈட்டை உடனுக்குடன் கொடுக்க வேண்டும்.

நாம் செய்யக் கூடிய காரியமும் இருக்கிறது. 2023ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் நூற்றுக்கு 60 குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. அந்த விவரங்களைத் திரட்டியவர்கள் 30,000க்கும் மேற்பட்ட பறவை பார்ப்போர். பெரும்பாலும் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. பட்டம் வேண்டாம், பார்க்கக் கண்ணும் குறித்துக்கொள்ள ஒரு நோட்டும் போதும். ஏருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு எத்தனை வந்தது, கரிச்சான் எந்தக் கம்பியில் உட்காரும் என்று நாற்று நடுகிற பெண்ணுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்?

வரும் பொங்கலுக்கு ஆலை லீவு விட்டதும், கிளைத் தோழர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொழுது புலரும் முன் நஞ்சராயன் குளக்கரைக்குப் போகட்டும். பறவைகளை எண்ணுங்கள். நல்லாறு குளத்தில் விழும் இடத்துக்கும் போய், தண்ணீர் என்ன நிறத்தில் வருகிறது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். ஜனவரி 26 கிராம சபையில் அந்த நோட்டைப் படிக்கலாம்.