பழைய வரைபடமும் பாட்டி சொல்லும் ஊரும்

தில்லியிலோ மும்பையிலோ வளரும் தமிழ்க் குழந்தையிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு மாவட்டத்தின் பெயரே விடையாக வரும். ஊரின் பெயரைச் சொல்பவர் சிலர். அவ்வூருக்கு ஏரி எத்திசையில் இருந்தது, சந்தைக்கு எவ்வழியே நடந்தனர், தொடர்வண்டி ஏற எவ்வளவு தொலைவு சென்றனர் என்று சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. இது குழந்தைகளின் குறையன்று. அவர்கள் கையில் இருக்கும் கைப்பேசி வரைபடம் இன்றைய ஊரையே காட்டுகிறது. நேற்றைய ஊரைக் காண வேண்டுமானால், நேற்று வரையப்பட்ட படத்தைத்தான் விரிக்க வேண்டும்.

இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட நிலத்தோற்ற வரைபடங்கள் அத்தகையவை. ஓர் அங்குலத்திற்கு ஒரு மைல் என்னும் அளவையில் வரையப்பட்ட பழைய தாள்களில் குளம், கோயில், கிணறு, அஞ்சல் நிலையம், வண்டிப்பாதை, ஒற்றையடிப்பாதை என ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. குடியிருப்பு சிவப்பிலும், நீர் நீலத்திலும், விளைநிலம் மஞ்சளிலும், மலையின் சம உயரக்கோடுகள் பழுப்பிலும் இருக்கும். ஆயினும் பள்ளியில் இத்தாளைப் பெரும்பாலும் மதிப்பெண்ணுக்காகவே படிக்கிறார்கள். குறியீடுகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியவுடன் அது மூடப்படுகிறது. எழுத்துகளைக் கற்பித்துவிட்டுக் கதை படிக்க விடாமல் தடுப்பதற்கு ஒப்பானது இது.

இந்தக் கலைக்கும் தமிழ் மண்ணுக்கும் நெருங்கிய உறவு உண்டு. நாடு முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும்பணியின் முதல் அடிக்கோட்டை 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் அளக்கத் தொடங்கினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அவருடைய தியோடலைட் கருவியை ஏற்றியபோது கயிறு அறுந்தது. ஏறத்தாழ அரை டன் எடையுள்ள அக்கருவி கோபுரத்தில் மோதிச் சிதைந்தது. மலையில்லாச் சமவெளியில் கோயிலே மலையாகப் பயன்பட்டது என்பது சுவையான செய்தி.

தேடலை வாழும் நகரத்திலிருந்தே தொடங்கலாம். பெங்களூரில் மெஜஸ்டிக் எனப்படும் கெம்பேகௌடா பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரியின் படுகையில் அமைந்தது. கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்குமிடம் சம்பங்கி ஏரி. புதுதில்லியை எழுப்புவதற்காக ரைசினா, மால்ச்சா முதலிய ஊர்களின் நிலங்கள் எடுக்கப்பட்டன. ரைசினா இன்று ஒரு குன்றின் பெயராகவும், மால்ச்சா ஒரு சாலையின் பெயராகவும் எஞ்சியுள்ளன. பழைய தாளையும் புதிய படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் மாணவனுக்குத் தன் வீட்டுத் தெருவில் மழைநீர் ஏன் தேங்குகிறது என்பதற்கும் சில வேளை விடை கிடைத்துவிடும்.

பின்னர் சொந்த ஊர். 1950களில் அமெரிக்கப் படைத்துறை இந்தியத் தாள்களைக் கொண்டு தொகுத்த படங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்துள்ளது. அவற்றில் ஒரு சென்டிமீட்டர் இரண்டரைக் கிலோமீட்டரைக் குறிப்பதால் தெருக்கள் தெரியா. ஆறும் சாலையும் தொடர்வண்டிப் பாதையும் ஊர்ப்பெயரும் தெரியும். ஊர்ப்பெயரைக் கண்டுபிடிப்பதற்குப் பொறுமை வேண்டும். தூத்துக்குடி டுட்டிகொரின் ஆனதும் தரங்கம்பாடி டிராங்குபார் ஆனதும் எல்லாரும் அறிந்தவை. சிற்றூர்ப் பெயர்களும் ஆங்கில எழுத்தில் ழகரம் இழந்தும் ணகரம் இழந்தும் நிற்கும். குளம், ஏந்தல், ஊரணி, பட்டி, பாளையம், குப்பம் என்னும் ஈறுகளை அறிந்த தமிழ் மாணவர், சிதைந்த எழுத்துக்குள்ளிருந்தும் ஊரை மீட்டுவிடுவார். ஏந்தல் என்பது சிறு ஏரியைக் குறிக்கும் என்று தெரிந்தவர், அப்பெயருக்கு அருகில் நீலத்தையும் தேடுவார். தமிழ்ப்பாடத்திற்கு இதைவிட நல்ல பயன் எளிதில் வாய்க்காது.

ஆனால் வரைபடத்தை முற்றும் நம்பிவிடலாகாது. ஆட்சிக்கும் வரிக்கும் படைநடைக்கும் உதவ வரையப்பட்டது அது. யார் எந்தத் தெருவில் வாழ்ந்தார், எக்கிணற்றில் யார் நீர் இறைக்கத் தடுக்கப்பட்டார் என்பதை அது சொல்லாது. ஊருக்குப் புறத்தே இருந்த உழைப்பாளர் குடியிருப்பு, பெயரில்லாத சில சிவப்புப் புள்ளிகளாக நின்றுவிடும். அப்புள்ளிகளின் பெயர் பாட்டிக்குத் தெரியும். ஆதலால் வரைபடம் பெரிதா, பாட்டியின் சொல் பெரிதா என்று வினவுவது வீண்; இரண்டும் ஒரே மேசையில் இருக்க வேண்டியவை. தாளை நீட்டி ஊரைக் காட்டச் சொன்னால் முதியோர் திகைப்பர். வீட்டு வாசலில் நின்றால் மலை எந்தப் பக்கம் தெரியும், தண்ணீருக்கு எந்தத் திசையில் நடந்தீர்கள் என்று கேட்டால் பேச்சு தானே பெருகும். இக்கேள்விகளை அடுத்த விடுமுறைக்கு ஒத்திவைப்பது நல்லதன்று. தாள் நூலகத்தில் காத்திருக்கும். பாட்டிக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

சில குடும்பங்களுக்குத் திரும்பிச் செல்ல ஊரே இல்லை. 1964 டிசம்பர்ப் புயலுக்கு முந்திய படங்களில் தனுஷ்கோடி வரை தொடர்வண்டிப் பாதை ஓடுகிறது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. இன்று அங்கே மணலும் இடிந்த சுவர்களும் உள்ளன. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீருக்குள் பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் தாழும்போது பண்ணவாடியில் பழைய தேவாலயத்தின் கோபுரமும் நந்தி சிலையும் வெளிப்படுகின்றன. அவற்றைக் காண மக்கள் திரள்கின்றனர். அவ்வூர்களிலிருந்து பெயர்ந்த குடும்பத்தின் பேரக்குழந்தை இன்றைய படத்தில் தேடினால் வெறும் நீலம்தான் கிடைக்கும். அணைக்கு முன் அளந்த தாளை விரித்தால், காவிரிக் கரையில் பெயரோடு ஊர்கள் இருக்கும்.