அண்ணன் என்றால் எந்த அண்ணன்?

அண்மையில் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் சட்டம் படித்த நண்பர் ஒருவர் சொன்னார்: “வெளிநாட்டில் குடிவரவு வழக்கும் குடும்ப வழக்கும் நடத்துகிற வழக்கறிஞருக்குச் சட்டம் தெரிந்தால் போதும். கட்சிக்காரரின் மொழியும் தெரியும் என்பது பெயர்ப்பலகைக்குத்தான் அழகு. மொழிபெயர்க்க நீதிமன்றமே ஆள் வைக்கிறதே!” சுற்றியிருந்த தமிழாசிரியர்கள் தலையசைத்தார்கள். நண்பரின் பேச்சைவிட அந்தத் தலையசைப்புதான் என்னை இதை எழுத வைக்கிறது. மொழியைக் குழாய் என்று சட்டம் படித்தவர் நினைக்கலாம். ஒரு முனையில் ஊற்றியது மறுமுனையில் அப்படியே விழும் என்று தமிழ் படித்தவரும் நினைத்தால் அது வெட்கக்கேடு.

கனடாவை எடுத்துக்கொள்வோம். அகதிக் கோரிக்கையாளரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அவரை நேரில் வைத்து விசாரிக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1985இல் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பாலான கோரிக்கைகளில் ஆவணச் சாட்சியம் குறைவு. ஆகவே வழக்கின் உயிர் கோரிக்கையாளரின் வாய்ச்சொல்லில் இருக்கிறது.

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். படிவத்தில் ‘உடன்பிறந்த சகோதரர்கள்: இல்லை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விசாரணையில் “அண்ணனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்” என்கிறார். அவர் சொல்வது பெரியப்பா மகனை. மொழிபெயர்ப்பாளர் ‘பிரதர்’ என்கிறார். அகராதிப்படி பிழையில்லை. ஆனால் உறுப்பினரின் குறிப்பேட்டில் ஒரு முரண்பாடு பதிவாகிவிடுகிறது, சொன்னவர் பொய்யராகிவிடுகிறார்.

இதைவிடக் கனமான சொற்களும் உண்டு. “பெடியளுக்குச் சமைச்சுக் குடுத்தனான்” என்று யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் சொன்னால், பெடியள் என்போர் வீட்டுப் பிள்ளைகளா, இயக்கத்தினரா? அதைச் சூழல் அறிந்தவரே சொல்ல முடியும். அவர் ‘கொடுத்தேன்’ என்றாரா, ‘கொடுக்க வேண்டி வந்தது’ என்றாரா? நமக்கு அது துணைவினை பற்றிய இலக்கணக் கேள்வி. அவருக்கு நாட்டில் இருக்கலாமா என்கிற கேள்வி. பயங்கரவாதத்தில் ஈடுபட்ட அமைப்பின் உறுப்பினர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே, 2001ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம் கதவை அடைத்துவிடும்.

குடும்ப வழக்கும் விலக்கல்ல. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்துப் பேசுகிறது. அங்கே சீதனம் மணமகளுக்குரிய சொத்து. அதை ‘டௌரி’ என்று பெயர்த்தால், 1961இல் இந்தியா சட்டமியற்றித் தடுத்த வரதட்சணை, அதாவது மணமகன் வீட்டார் வாங்கிக்கொண்ட பணம், நீதிபதியின் மனதில் எழக்கூடும். ஒண்டாரியோவின் குடும்பச் சட்டம் திருமண நாளில் ஒருவருக்கு இருந்த சொத்தை, குடும்பம் வாழும் வீடு நீங்கலாக, அவர் கணக்கில் கழித்துத் தருகிறது. அந்த நாளில் சொத்து யார் கையில் இருந்தது என்பதை ஒற்றைச் சொல் குழப்பிவிடலாம். இழப்பது பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பார்.

இனி நண்பரின் வலுவான வாதத்துக்கு வருகிறேன்: நீதிமன்றம் ஆள் வைக்கிறது. உண்மை, கனடாவின் உரிமைச் சாசனத்தின் 14ஆம் பிரிவே அதை உறுதிசெய்கிறது. 1994இல் டிரான் வழக்கில் உச்ச நீதிமன்றம் மொழிபெயர்ப்பு தொடர்ச்சியாக, துல்லியமாக, நடுநிலையாக, தகுதியோடு, உடனுக்குடன் அமைய வேண்டும் என்று வகுத்தது. ஆனால் 2001இல் மொஹம்மதியன் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், மொழிபெயர்ப்பில் குறையிருந்தால், எதிர்பார்க்கத்தக்க இடத்தில், முதல் வாய்ப்பிலேயே ஆட்சேபிக்க வேண்டும் என்றது. நான் கேட்கிறேன்: யார் ஆட்சேபிப்பது? ஆங்கிலம் அறியாத கட்சிக்காரருக்குத் தன் ‘அண்ணன்’ அங்கே என்னவானான் என்று தெரியாது. தமிழறியாத வழக்கறிஞருக்கும் தெரியாது. இரண்டும் அறிந்தவர்தான் எழுந்து நின்று “ஐயா, அவர் சொன்னது அதுவல்ல” என்று பதிவுசெய்ய முடியும். இது பெயர்ப்பலகை அழகா?

வழக்கறிஞரே மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நடுநிலை கெடும். அரைகுறை அறிவோ அதைவிட ஆபத்து. சென்னைத் தமிழை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் அளப்பவர், ஒன்றுமே அறியாதவரைவிட அதிகக் கேடு செய்வார். அறியாதவராவது கேட்பார்.

பிழையைப் பிறகு திருத்தலாம் என்போர் 2020ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் படிக்கட்டும். எல்லையைக் கடந்து 25 கஜ தூரத்தில் பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவர், முதல் நேர்காணலில் அதிகாரிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் தமக்கும் இடையே பேச்சு சரியாகப் போய்ச் சேரவில்லை என்றும் முறையிட்டிருந்தார். அந்த முடிவை ஆட்கொணர்வு மனுவின் வழி எதிர்க்க அவருக்கு உரிமையில்லை என்றது நீதிமன்றம். முதல் சொல்லே கடைசிச் சொல்லாயிற்று.

நம் தமிழ்த்துறைகளிடமும் ஒரு கேள்வி. சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயக்கத்தைப் பருவம் முழுதும் நடத்துகிறோம். வட்டார வழக்கை நாவலின் அணிகலனாக மட்டும் பார்க்கிறோம். ‘பெடியள்’ என்ற சொல்லின் நிழல்களை ஒரு நீதிபதிக்கு விளங்கவைக்கும் மாணவரை நம்மில் யார் உருவாக்கியிருக்கிறோம்? நான் உருவாக்கவில்லை. அதனால்தான் அன்று அந்தத் தலையசைப்பின் நடுவே எனக்குத் தேநீர் இறங்கவில்லை.