பூங்காவை வித்துட்டு மாற்று இடமா? யாருக்கு மாற்று?

தோழர்களே, "அந்தப் பூங்கா சும்மாதானே கிடக்கு, நல்ல விலை போகும். வித்துட்டு ஊருக்கு வெளியே ரெண்டு மடங்கு இடம் வாங்கிக்கலாமே?" உள்ளாட்சிக்குப் பணமுடை வரும்போதெல்லாம் யாராவது கிளப்புற யோசனை இது. கேட்க லாபக் கணக்கு மாதிரிதான் இருக்கும். கணக்கைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

1) முதல்ல, அது யார் காசு?

நம்ம மாநில விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில், சாலை போக மீதி இடத்தில் 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி ஒப்படைக்கணும். ஓ.எஸ்.ஆர். நிலம்னு சொல்றோமே, அதுதான். பணம் கட்டித் தப்பிக்க அங்கே வழி கிடையாது. அந்த 10 சதவீதத்தை புரமோட்டர் தன் கையை விட்டா கொடுத்தார்? மனை விலையில் ஏத்தித்தான் வித்தார். கடன் வாங்கி மனை வாங்கிய ஒவ்வொரு குடும்பமும் அதுக்கும் சேர்த்துதான் வட்டி கட்டுது. அப்புறம் நடைபாதை, விளக்கு, ஊஞ்சல் எல்லாம் வரிப்பணம். ஆக, மக்கள் ரெண்டு தடவை காசு கொடுத்த சொத்து அது. உள்ளாட்சி அதுக்குக் காவல்காரர்தான், முதலாளி இல்லை.

2) மழைக்கு மாற்று இடம் தெரியுமா?

ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. மழை பெய்தா விழுற தண்ணி ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நிரப்பினா 33 லாரி. மண் தரையா இருந்தா அதில் கணிசமான பங்கு அங்கேயே இறங்கும். கான்கிரீட் போட்டா அத்தனையும் தெருவுக்கு வந்து, தாழ்வான வீட்டுக்குள்ள நுழையும். 30 கிலோமீட்டர் தள்ளி வாங்கிய ரெண்டு ஏக்கர், இந்தத் தெருத் தண்ணியை உறிஞ்சுமா?

3) அங்கே யார் போவாங்க?

பால்கனி, கார், கிளப் மெம்பர்ஷிப் இருக்கிறவங்களுக்குப் பூங்கா ஒரு கூடுதல் வசதி. ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிற பிள்ளைக்கு அதுதான் ஒரே மைதானம். சர்க்கரை நோயோடு காலையில் நடக்கிற அம்மா, ரெண்டு பஸ் மாறி வாக்கிங் போவாங்களா?

4) காலம் போனா திரும்புமா?

சென்னை ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை மெட்ரோ வேலைக்காக மூடினாங்க. மெட்ரோ வேணும், மறுக்கலை. ஆனா 2017-லேயே ஸ்டேஷனில் ரயில் ஓட ஆரம்பிச்சும், பூங்கா மக்கள் கைக்குத் திரும்பி வர மொத்தம் பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. மூடும்போது அஞ்சு வயசா இருந்த பிள்ளை, திறக்கும்போது விளையாடுற வயசையே தாண்டியாச்சு. விற்காத பூங்காவுக்கே இந்த நிலைமைன்னா, வித்த பூங்காவுக்கு?

சட்டம் என்ன சொல்லுது?

பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைக் காக்கவே தமிழ்நாட்டில் 1959-ல் தனிச் சட்டம் போட்டாச்சு. பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தப்போ, அந்தப் பகுதி மக்களே வழக்குப் போட்டாங்க. 1991-ல் உச்ச நீதிமன்றம் அவங்க பக்கம் நின்னு அந்த ஒதுக்கீடு செல்லாதுன்னு சொல்லிச்சு. இத்தனைக்கும் வந்தது மதுக்கடை இல்லை, மருத்துவமனை!

தனியார்மயத்தின் தலைநகரமான அமெரிக்காவிலேயே, மத்திய நில, நீர்ப் பாதுகாப்பு நிதியில் உருவான பூங்காவை நகராட்சி இஷ்டத்துக்கு வேறு பயனுக்கு மாற்ற முடியாது. மத்திய உள்துறையின் அனுமதி வேணும். மாற்று நிலம் சந்தை மதிப்பில் குறையக் கூடாது. பயனிலும் அமைவிடத்திலும் ஏறக்குறைய ஈடா இருக்கணும். பரப்பளவை மட்டும் காட்டி அங்கே கணக்கை முடிக்க முடியாது.

அப்போ எந்தக் காலத்திலும் தொடவே கூடாதா? குடிநீர்த் தொட்டி, மெட்ரோ மாதிரி உண்மையான பொதுத் தேவை வரலாம். அப்போ நாம கேட்கிறது நாலே நாலு:

• மாற்று நிலம் அதே வார்டில், நடந்து போற தூரத்தில்.
• முதல்ல புதுப் பூங்கா திறக்கணும், அப்புறம்தான் பழசைத் தொடணும்.
• ரெண்டு நிலத்தின் மதிப்பீடும் மக்கள் பார்வைக்கு வைக்கணும்.
• வார்டு மக்களைக் கூட்டிக் கேட்காமல் மன்றத்தில் தீர்மானம் கூடாது.

இதைப் படிச்சிட்டு லைக் மட்டும் போட்டுப் போகாதீங்க தோழர்களே. உங்க மனைப்பிரிவின் அங்கீகார வரைபடத்தை எடுங்க. அதில் பூங்கான்னு குறிச்ச இடம் இன்னைக்கு என்னவா இருக்குன்னு நேரில் போய்ப் பாருங்க. தானப்பத்திரம் பதிவாகியிருக்கான்னு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. சந்தேகமா இருந்தா 10 ரூபாயில் ஒரு தகவல் உரிமை மனு, 30 நாளில் பதில் கொடுத்தாகணும். போட்டோவும் சர்வே எண்ணும் கமெண்டில் போடுங்க, வார்டு வாரியாப் பட்டியல் எடுப்போம்.

வித்த பிறகு போராடுறதை விட, விற்கும் முன்னாடி கேள்வி கேட்கிறது சுலபம்.

#பூங்கா_மக்கள்_சொத்து