குழந்தைகளும் இரத்த அழுத்தமும்

இரத்த அழுத்தம் முதியோர் வியாதி என்னும் எண்ணம் இனிச் செல்லாது. குழந்தைகளையும் அது பற்றுகிறது. பெரும்பாலும் யாதொரு குறியும் காட்டுவதில்லை. ஆகவேதான் 3 வயது முதல் ஆண்டுக்கொருமுறை அளந்து பார்க்க வேண்டுமென்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2017-ல் கூறிற்று. ஊறுகாயும் அப்பளமுமின்றிச் சோறு இறங்காதென்று குழந்தைகளைப் பழக்குவோர் பெரியோர்களேயன்றோ? அதைக் குறைப்பதும், பிள்ளைகளை ஓடியாட விடுவதும் வீட்டாரால் ஆகக்கூடியவை. ஆனால் கடைப் பொட்டலத்தில் உப்பின் அளவை நிர்ணயிப்பவர் தாயல்ல, முதலாளி. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் உப்பும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கலாகாதென்று 2020-ல் இந்தியாவில் விதி பிறந்தது. அது ஏட்டோடு நின்றால் பயன் யாது? சிலி தேசத்திலோ 2016 முதல் அத்தகைய பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு முத்திரை பொறித்தாக வேண்டும். பள்ளிக்குள் அவற்றை விற்கவும் கூடாது. அத்தகைய முத்திரையை நம் சர்க்காரும் கட்டாயமாக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.