விலை குறைந்த ஸ்மார்ட் போன்: எதில் விட்டுக் கொடுக்கலாம்?

கம்ப்யூட்டர் வாங்கிப் பழகத் தொடங்கியவர்கள் அடுத்து என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அம்மாவுக்கு ஒரு டச் போன் வாங்க வேண்டும், ஏழாயிரம் ரூபாய்க்குள் எது நல்லது?" கேட்கும்போதே, "பேசுவதற்கும் வாட்ஸ் அப் பார்ப்பதற்கும்தான்" என்று சேர்த்துச் சொல்வார்கள். பேசுவதற்கு மட்டும் என்றால் பட்டன் போனே தாராளம். ஸ்மார்ட் போன் வந்துவிட்டால் வங்கியின் ஓ.டி.பி. அதில்தான் வரும். கடையில் யு.பி.ஐ. மூலம் பணம் கொடுப்பதும், காஸ் சிலிண்டருக்குப் பதிவதும் அதில்தான் நடக்கும். அதாவது, வீட்டிலேயே விலை குறைந்த கருவியிடம் வீட்டுப் பணத்தின் சாவியை ஒப்படைக்கிறோம். இந்தக் கோணத்தில்தான் இத்தகைய போன்களை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. ஓர் உதாரணம் எடுத்துக் கொள்வோம். 2022 செப்டம்பரில் ஷாவ்மி நிறுவனம் ரெட்மி ஏ1 என்ற போனை இந்தியாவில் 6,499 ரூபாய்க்கு அறிமுகம் செய்தது. (அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் சுமார் 990 ரூபாய். 2020 ஏப்ரல் வரை இந்த வரி 12 சதவீதமாக இருந்தது.) இதே வழியில் 2023ல் ஏ2, 2024ல் ஏ3 என்று தம்பிகளும் வந்தார்கள். ஆகவே ஏ1 பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி, இந்த விலையில் எந்த நிறுவனப் போன் வாங்கினாலும் பொருந்தும்.

முதலில் நல்லவை. 6.52 அங்குலத் திரை, 720 x 1600 பிக்ஸெல். தமிழ் எழுத்துக்களைப் பெரிதாக்கிப் படிக்க இது தாராளமாகப் போதும். பேட்டரி 5,000 எம்.ஏ.எச். இரண்டு சிம் போட்ட பிறகும் மெமரி கார்டுக்குத் தனி இடம் உண்டு. ஒரு சிம்மைத் தியாகம் செய்து கார்டைச் செருகும் தொல்லை இல்லை. ஹெட்போனுக்கான 3.5 எம்.எம். துளையும், எப்.எம். ரேடியோவும் உண்டு. விலை அதிகமான போன்கள் பலவற்றில் இவை காணாமல் போய்விட்டன. எனக்குப் பிடித்த இன்னொன்று, ஷாவ்மியின் வழக்கமான எம்.ஐ.யு.ஐ. இல்லாமல், எளிமையான ஆண்ட்ராய்ட் 12 கோ எடிஷனை இதில் தந்திருந்தார்கள். குறைந்த மெமரி உள்ள போன்களுக்காகவே கூகுள் வடிவமைத்த பதிப்பு இது. வாங்கிய அன்றே வேண்டாத அப்ளிகேஷன்களை நீக்கிக் கொண்டு உட்கார வேண்டியதில்லை.

கேமரா 8 மெகா பிக்ஸெல். பகல் வெளிச்சத்தில் ரேஷன் கார்டையோ, மருத்துவரின் சீட்டையோ படம் எடுத்து அனுப்பலாம். இரவில் எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது லென்ஸ் பெயருக்குத்தான். சார்ஜர் 10 வாட், பழைய மைக்ரோ யு.எஸ்.பி. முனை. முழுவதும் சார்ஜ் ஏற மூன்று மணி நேரம் வரை ஆகலாம். இரவில் செருகிவிட்டால் தீர்ந்தது. 5ஜி கிடையாது, அதனால் இந்த வகைப் பயன்பாட்டில் இழப்பும் கிடையாது. வை-பி 2.4 கிகா ஹெர்ட்ஸ் மட்டும். உங்கள் வீட்டு மோடம் இரண்டு பெயர்களில் இணைப்புத் தந்தால், அதில் 5ஜி என்று முடியும் பெயர் இந்தப் போனில் தெரியாது. போன் பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம். இவை எல்லாம் விட்டுக் கொடுக்கக் கூடியவைதான்.

இனி விட்டுக் கொடுக்கக் கூடாதவை. இதில் ராம் 2 ஜி.பி. உங்கள் கம்ப்யூட்டரில் 2 ஜி.பி. ராம் வைத்துக் கொண்டு பிரவுசரில் பத்து டேப்களைத் திறந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். போனில் ஹேங் ஆவதற்குப் பதில், பின்னால் இருக்கும் அப்ளிகேஷனை ஆண்ட்ராய்ட் சத்தமில்லாமல் மூடிவிடும். பாட்டு கேட்பவருக்கு இது சிறு எரிச்சல். பணம் கட்டுபவருக்கு அப்படி அல்ல. வங்கி அப்ளிகேஷனில் விவரங்களை எல்லாம் நிரப்பிவிட்டு, ஓ.டி.பி. பார்க்க மெசேஜ் பகுதிக்குப் போய் வந்தால், வங்கி அப்ளிகேஷன் மீண்டும் முதலில் இருந்து திறக்கும். பணம் போயிற்றா இல்லையா என்று தெரியாமல் மறுபடி அனுப்பியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். இதற்கு ஒரு வழி உண்டு. அப்ளிகேஷனை விட்டு வெளியேறாமல், திரையின் மேல் விளிம்பில் இருந்து விரலால் கீழே இழுத்தால் அறிவிப்புப் பகுதியிலேயே அந்த எண் தெரியும். அதைப் பார்த்து டைப் செய்திடவும்.

கடையில் "நாலு பிளஸ் நாலு, எட்டு ஜி.பி. ராம் சார்" என்று சொல்வார்கள். அந்த இரண்டாவது நாலு, உண்மையான ராம் அல்ல. ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ராம் போலப் பயன்படுத்துவது. விண்டோஸில் பேஜிங் பைல் என்று ஒன்று இருக்கிறதே, அதன் உறவுதான். இந்த விலையில் ஸ்டோரேஜாகத் தரப்படுவது பெரும்பாலும் இ.எம்.எம்.சி. வகை, ராமின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மாட்டு வண்டி. எனவே பிளஸ் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

ஸ்டோரேஜ் 32 ஜி.பி. இதில் ஒரு பெரும் பகுதி சிஸ்டத்திற்கே போய்விடும். மிச்சத்தைக் குடும்ப வாட்ஸ் அப் குழுவின் காலை வணக்கப் படங்கள் பார்த்துக் கொள்ளும். இடம் நிரம்ப நிரம்ப எழுதும் வேகமும் குறைவதால், ஒரு வருடத்தில் "போன் ஸ்லோ ஆகிவிட்டது" என்ற புகார் வரும். மெமரி கார்ட் போட்டால் படங்களுக்கு இடம் கிடைக்கும், அப்ளிகேஷன்களின் சுமை அப்படியே இருக்கும். ப்ராசசரும் உதவிக்கு வராது. இதில் உள்ள மீடியாடெக் ஹீலியோ ஏ22, 2018ல் ரெட்மி 6ஏ போனில் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே சிப் புதுப் பெட்டியில் வந்தது.

விரல் ரேகை சென்சார் இல்லாததை நான் பெரிய குறையாகச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் பின் எண் டைப் செய்ய அலுத்துப் போய், வயதானவர்கள் பூட்டையே எடுத்துவிடுகிறார்கள். பிறகு போன் தொலைந்தால் எடுத்தவர் கையில் எல்லாமே திறந்து கிடக்கும். அடுத்த மாதமே வந்த ஏ1 பிளஸ் மாடலில், சற்றுக் கூடுதல் விலையில், அந்த சென்சார் இருந்தது. அந்தக் கூடுதல் பணம் கேமராவுக்குக் கொடுப்பதைவிட நியாயமான செலவு.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பெட்டி மேல் யாரும் அச்சிடாத ஒன்று: பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுகள் வரும்? ஆண்ட்ராய்டில் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் பற்றி 2015 ஆகஸ்ட் முதல் கூகுள் அறிக்கைகள் வெளியிட்டு, தீர்வுகளைத் தந்து வருகிறது. அவற்றை உங்கள் போனுக்கு அனுப்ப வேண்டியவர் போனைத் தயாரித்தவர். குறைந்த லாபத்தில் விற்ற போனுக்கு அந்த உழைப்பைப் பல ஆண்டுகள் செலவிட அவருக்கு ஆர்வம் இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அப்டேட் தர வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். நாமும் கடையில் விலை கேட்பதைப் போல இதையும் கேட்கத் தொடங்கினால்தான் நிறுவனங்கள் அசையும். பழைய சிஸ்டத்தை அப்ளிகேஷன்களும் ஒரு நாள் கைவிடும். ஆண்ட்ராய்ட் 4.4 கிட்காட் போன்களில் 2025 ஜனவரி முதல் வாட்ஸ் அப் வேலை செய்வதில்லை.

ஆகவே ஏழாயிரம்தான் என்று பிடிவாதமாக இருப்பவர்களிடம், இரண்டு மாதம் பொறுத்து இன்னும் கொஞ்சம் சேர்த்து 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. ஸ்டோரேஜ், விரல் ரேகை சென்சார் மூன்றும் உள்ளதாக வாங்கச் சொல்கிறேன். பொறுக்க முடியாது, 2 ஜி.பி. போன் ஏற்கனவே வீட்டில் இருக்கிறது என்றால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதில் வைக்கும் வங்கிக் கணக்கை மாற்றுங்கள். சேமிப்பு முழுவதும் உள்ள கணக்கை விட்டுவிட்டு, செலவுக்கு மட்டும் பணம் போடும் ஒரு கணக்கை யு.பி.ஐ.யில் இணைத்துக் கொள்ளலாம். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குச் சென்று கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். ஒரு வருடத்திற்கு மேல் ஆகியிருந்தால் அந்தப் போனில் பணப் பரிமாற்றமே வேண்டாம் என்பேன்.

உங்களிடம்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, மாதம் ஒரு முறை யு.எஸ்.பி. கேபிளில் போனை இணைத்திடுங்கள். இணைத்ததும் சார்ஜ் மட்டும்தான் ஏறும். போனின் அறிவிப்புப் பகுதியை இழுத்து 'பைல் டிரான்ஸ்பர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் எக்ஸ்புளோரரில் போன் ஒரு டிரைவ் போலத் தெரியும். டி.சி.ஐ.எம். என்ற போல்டரில் கேமராப் படங்கள் இருக்கும். அவற்றைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து, ஒன்றிரண்டைத் திறந்து பார்த்துச் சரியாக வந்திருக்கின்றன என்று உறுதி செய்த பின்னரே போனில் இருந்து அழிக்கவும்.