பை போதும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடிப்பவன் அல்ல. சென்ற ஆண்டு மெல்பர்னில் மகன் வீட்டில் நான்கு மாதம் இருந்தோம். மாதம் ஒரு சனிக்கிழமை அவன் கார் ஷெட்டில் பீர் காய்ச்சுவான். நம் ஊரில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். அங்கே சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சத் தடையில்லை. இருந்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தேன்.

என்னை ஷெட்டுக்கு இழுத்தது வாசனை. அம்மா முளைகட்டிய கேழ்வரகைக் காயவைத்து இளஞ்சூட்டில் வறுப்பாளே, கிட்டத்தட்ட அதே வாசனை. காரணமும் இருக்கிறது. பார்லியை முளைக்கவிட்டு, வெப்பத்தில் உலர்த்தினால் அதுதான் மால்ட். முளைத்த தானியத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதி உண்டு. முளைகட்டிய மாவுக் கஞ்சி நீர்த்து, லேசாக இனிப்பதும் அதனால்தான்.

மகனுடைய முறை எளிது. ஒரு பெரிய பாத்திரம், அதற்குள் ஒரு வலைத்துணிப் பை. 66 டிகிரி சூட்டுத் தண்ணீரில் 5 கிலோ நொறுக்கிய மால்ட்டைப் பைக்குள் கொட்டி, ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பிறகு பையைத் தூக்கி வடியவிட்டு, அந்த இனிப்பு நீரில் ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்ப்பது. பழைய முறைக்கு மூன்று பாத்திரம், குழாய், பம்ப் எல்லாம் வேண்டும். இந்த ஒற்றைப் பை முறை 2000-களில் ஆஸ்திரேலியாவில்தான் பரவியதாம்.

நான் போய் நின்ற அன்றைக்கே பை கிழிந்தது. தூக்கும்போது அடித் தையல் விட்டு, சூடான நீர் அவன் இடது கையில் கொட்டிக் கொப்பளித்துவிட்டது. "பையே வேண்டாம்பா, ஸ்டீல் மெஷின் வாங்கிடறேன்" என்றான். விலை ஆயிரம் டாலருக்கு மேல்!

எனக்கு அது சரியாகப் படவில்லை. தவறு முறையில் இல்லை, அந்தப் பையில். கடையில் வாங்கிய சின்னப் பை. தானியத்தைத் திணித்திருந்தான். பிரித்துப் பார்த்தால் நடுவே உலர்ந்த மாவுக் கட்டிகள், தண்ணீரே எட்டவில்லை. பயறு முளைகட்டும் துணியில்கூட நாம் உப்ப இடம் விடுவோமே! தவிர, 5 கிலோ தானியம் நனைந்தால் ஏறக்குறைய 10 கிலோ. அதை ஒற்றைத் தையல் எப்படித் தாங்கும்?

என் மனைவி ஜன்னல் திரைக்கு வாங்கும் வாயில் துணியில், பாத்திரத்தையே உள்ளே போடும் அளவுக்குப் பெரிய பை தைத்தாள். பாலியெஸ்டர் நூல், இரட்டைத் தையல், பிடிவார் இரண்டும் பையின் அடியைச் சுற்றி வரும்படி. உத்தரத்தில் ஒரு கப்பி மாட்டினேன். கிணற்றில் நீர் இறைத்த கைக்குச் சொல்லித்தர வேண்டுமா? அடுப்பை எரியவிட்டால் துணி பொசுங்காதபடி அடியில் ஒரு துளைத் தட்டு.

அடுத்த சண்டை பிழிவதில். பிழிந்தால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் விடவில்லை. துவர்ப்பு இறங்குவது தண்ணீர் 77 டிகிரிக்கு மேல் சுட்டால், அல்லது அதன் புளிப்புத்தன்மை குறைந்துபோனால். கை அழுத்தத்தால் அல்ல. தேங்காய்ப்பாலைப் பிழியாமல் சக்கையைக் கொட்டுகிற வீடு உண்டா? ரப்பர் கையுறை போட்டுப் பிழிந்தோம். ஒன்றரை லிட்டருக்கு மேல் கிடைத்தது. மெஷின் பேச்சு அத்தோடு நின்றது.

ஐந்து வாரம் கழித்து ஒரு சின்ன டம்ளரை நீட்டினான். பிழிந்தவன் என்ற உரிமையில் ஒரு வாய் வைத்தேன். கசந்தது. "பாத்தியா, துவர்ப்பு இறங்கிடுச்சோ?" என்றேன்.

"அது ஹாப்ஸ் கசப்புப்பா. அப்படித்தான் இருக்கணும்" என்றான்.